ஆளில்லா டாக்ஸி: ஏறியவர் நம்புகிறார், தெரு நம்புகிறதா?

டிரைவர் சீட் காலியாக இருக்க, ஸ்டியரிங் தானே திரும்பிக்கொண்டு ஓடும் டாக்ஸி ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின், அட்லாண்டா நகரங்களில் வேமோ நிறுவனத்தின் வண்டிகள் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. சீனாவில் வூஹான் உட்படப் பல நகரங்களில் பைடு நிறுவனத்தின் ‘அப்பல்லோ கோ’ அதே வேலையைச் செய்கிறது. கூகுள் 2009-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டமே 2016 டிசம்பரில் வேமோ என்ற தனி நிறுவனமானது. 2025 ஏப்ரலில் அது வாரத்துக்கு இரண்டரை லட்சம் கட்டணச் சவாரிகளை எட்டியிருந்தது.

அதே 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ தன் ஆண்டுக் கருத்துக்கணிப்பை வெளியிட்டது. தானே ஓடும் வண்டியில் ஏறப் பயம் என்றவர்கள் 61 சதவீதம். நம்பி ஏறுவேன் என்றவர்கள் 13 சதவீதம். மீதிப் பேர் எந்தப் பக்கமும் சாயவில்லை. ரோபோ டாக்ஸி என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. ஆனால் அதில் ஏறமாட்டோம் என்றவர்கள் 53 சதவீதம்.

ஒருபக்கம் சவாரிகள் குவிகின்றன, மறுபக்கம் பாதி நாடு பயப்படுகிறது. இரண்டும் உண்மைதான். வண்டியில் ஏறி உட்காருகிறவருக்கு வரும் நம்பிக்கை ஒருவகை. அந்த வண்டி ஓடும் தெருவில் நடக்கிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், தீயணைக்க ஓடுகிறவர், டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர் ஆகியோரிடம் பெறவேண்டிய நம்பிக்கை இன்னொரு வகை. முதலாவது சில சவாரிகளிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவதற்குக் குறுக்குவழி கிடையாது. இந்தத் தொழிலில் நிறுவனங்கள் விழுந்த கதையைப் பார்த்தால், பயணிகள் கைவிட்டதால் விழுந்தவை இல்லை. தெரு கைவிட்டதால் விழுந்தவையே.

கருத்துக்கணிப்பு சொல்வதும் சொல்லாததும்

ஏஏஏ-யின் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது. 2017-ன் இறுதியில் 63 சதவீதமாக இருந்த பயம், 2018 வசந்தத்தில் 73 ஆனது. இடையில் நடந்தது அரிசோனாவில் ஒரு சாவு. அதைப் பின்னால் பார்க்கலாம். 2022-ல் 55-க்கு இறங்கியது, மறு ஆண்டே 68-க்குத் தாவியது. ஆட்கள் ஸ்டியரிங்கில் இருந்துகொண்டே மென்பொருளை அளவுக்கு மீறி நம்பி மோதிய விபத்துகள் செய்தியில் அடிபட்ட காலம் அது. அந்த வண்டிகள் ரோபோ டாக்ஸிகள் அல்ல. ஓட்டுநருக்கு உதவும் கருவி பொருத்திய சொந்தக் கார்கள். மக்கள் மனதில் இரண்டும் ஒன்றாகவே பதிகின்றன. தூங்கிக்கொண்டே போகக்கூடிய காரைக் கடையில் வாங்கலாம் என்று நினைத்தவர்கள் 2023-ல் பத்தில் ஒருவர் இருந்தார்கள் என்பதும் அதே சங்கத்தின் கணக்குதான். அப்படி ஒரு கார் எந்தக் கடையிலும் இருக்கவில்லை.

பியூ ஆய்வு மையத்தின் கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. 2017-ல் ஆளில்லா வண்டியில் ஏற விருப்பமில்லை என்ற அமெரிக்கர்கள் 56 சதவீதம். 2021 இறுதியில் அதே கேள்விக்கு 63 சதவீதம். இந்த நான்கு ஆண்டுகளில்தான் தொழில்நுட்பம் பெரும் பாய்ச்சல் பாய்ந்தது. வண்டி தேறத் தேற விருப்பம் குறைந்திருக்கிறது.

இந்தக் கணிப்புகளில் ஒரு கோளாறு உண்டு. பதில் சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படியொரு வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். மனதில் ஒரு வண்டியைக் கற்பனை செய்து, அதைக் குறித்துப் பதில் சொல்கிறார்கள். வண்டிகள் ஓடும் ஊர்களில் எண்கள் வேறு மாதிரி வருகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் குரோ-எஸ்எஃப் என்ற அமைப்பு வாக்காளர்களிடம் எடுத்த கணிப்பில், 2023-ல் ஆளில்லா டாக்ஸிக்கு ஆதரவு பாதிக்கும் கீழே இருந்தது. 2025-ல் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அந்த அமைப்பு புதிய தொழில்நுட்பங்களுக்குச் சாதகமானது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்கவேண்டும். ஆனால் போன திசை சந்தேகத்துக்கு இடமில்லாதது.

வண்டிக்குள்

போனில் அழைத்தால் வெள்ளை நிற ஜாகுவார் ஒன்று வந்து ஓரமாக நிற்கிறது. கூரைமேல் சுழலும் லைடார் கருவியின் குமிழில் பயணியின் பெயரெழுத்துகள் ஒளிர்கின்றன. கூட்டத்தில் எந்த வண்டி தன்னுடையது என்று தேடவேண்டியதில்லை. கதவைப் போனிலேயே திறக்கலாம். உள்ளே ஒரு குரல் பெயர் சொல்லி வரவேற்று, பெல்ட் போடச் சொல்கிறது. திரையில் ‘புறப்படு’ பொத்தானைத் தொட்டதும் ஸ்டியரிங் தானாகச் சுற்றி வண்டி சாலைக்கு வருகிறது.

பின்சீட்டுத் திரையில் சுற்றியுள்ள தெரு கோட்டுருவமாக விரிகிறது. அடுத்த வண்டி, நடைபாதையில் போகிறவர், சைக்கிள்காரர், சிக்னலின் நிறம் எல்லாம் அதில் நகர்கின்றன. வண்டி ஓடுவதற்கு இந்தப் படம் தேவையே இல்லை. அதனிடம் 29 கேமராக்களும் லைடாரும் ரேடாரும் இருக்கின்றன. திரை பயணிக்காகவே வைக்கப்பட்டது. “நீ பார்க்கிற ஆளை நானும் பார்த்துவிட்டேன்” என்று வண்டி சொல்கிற வழி அது. வண்டி திடீரென்று நின்றால் ஏன் நின்றது என்று திரையில் எழுத்து வருகிறது. ஓரமாக நிறுத்தச் சொல்ல ஒரு பொத்தான், ஆளோடு பேச ஒரு பொத்தான். பெரும்பாலான பயணிகள் அவற்றைத் தொடுவதில்லை. இருக்கிறது என்பதே போதுமாயிருக்கிறது.

முதல் சவாரியில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: போனை எடுத்துக் காலி சீட்டை வீடியோ எடுப்பது. சிறிது நேரத்தில் அந்த வீடியோவை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, அதே போனில் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அச்சத்துக்கு அடுத்த நிலை நம்பிக்கை என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். நேரில் பார்த்தால் அது சலிப்பு. ஒரு வண்டிக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த நற்சான்றும் அதுதான்.

குரலும் பெயரும் சும்மா வைக்கப்படுவதில்லை. ஆடம் வெய்ட்ஸ், ஜாய் ஹெஃப்னர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுப் பயிற்சிக் கருவியில் உட்கார்ந்தவர்களுக்குத் தானியங்கிக் கார் ஒன்று தரப்பட்டது. ஒரு குழுவுக்கு வெறும் கார். இன்னொரு குழுவுக்கு அதே காருக்கு ‘ஐரிஸ்’ என்று பெயர், ஒரு பெண் குரல். இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடின. ஐரிஸில் போனவர்கள் அதைக் கூடுதலாக நம்பினார்கள். நம்பிக்கை எப்போதும் திறமையைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு இது சான்று. நிறுவனங்களுக்கு இது நல்ல செய்தி. நுகர்வோருக்கு அவ்வளவு நல்லதா என்பது வேறு விஷயம்.

விருப்பத்தை அளக்க வாயால் கேட்பதைவிட நல்ல வழி, பையில் கைவிடுகிறார்களா என்று பார்ப்பது. கட்டணங்களை ஒப்பிடும் ‘ஓபி’ செயலி 2025 மார்ச் இறுதியிலிருந்து ஒரு மாதம் சான் பிரான்சிஸ்கோ சவாரிக் கட்டணங்களைத் திரட்டியது. சராசரியாக வேமோ 20.43 டாலர், ஊபர் 15.58, லிஃப்ட் 14.44. ஆள் ஓட்டுவதைவிட ஆளில்லாமல் ஓடுவதற்கு ஐந்தாறு டாலர் கூடுதல். அப்படியும் ஏறுகிறார்கள். புதுமை ஒரு காரணம் என்றாலும் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பேச்சுக்கொடுக்கும் டிரைவர் இல்லை, ‘டிப்ஸ்’ வைக்கவேண்டியதில்லை, பாட்டும் ஏசியும் தன் இஷ்டம், வண்டி வெட்டி வெட்டி ஓடுவதில்லை. இரவில் தனியே போகும் பெண்கள் பலர் சொல்லும் காரணம் இன்னும் நேரடியானது: முன்பின் தெரியாத ஒரு ஆணுடன் மூடிய வண்டிக்குள் இருக்கவேண்டியதில்லை. 2025 ஜூலையில் ஃபீனிக்ஸில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறக்க வேமோ வழிசெய்தது. பெற்றோர் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய வாக்குச்சீட்டு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் பயணம் செய்துகொண்டிருந்த வண்டியை இரண்டு ஆண்கள் நடுரோட்டில் மறித்து நின்று அவருடைய போன் நம்பரைக் கேட்டார்கள். எதிரே ஆள் நின்றால் வண்டி நகராது. அப்படித்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிரைவராக இருந்தால் ஹாரன் அடித்திருப்பார், பின்னால் எடுத்திருப்பார், கத்தியாவது இருப்பார். வண்டியின் நல்ல குணமே அங்கே பயணியைக் கட்டிப்போட்டது.

ஒரு சாவின் எடை

அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் சாகிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு 11.9 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் பின்னால் குடி, தூக்கம், வேகம், கவனக்குறைவு ஆகிய மனிதக் குறைகள்தாம். இயந்திரம் குடிப்பதில்லை, தூங்குவதில்லை. அப்படியிருந்தும் மனிதன் கொன்றால் உள்ளூர்ச் செய்தி, இயந்திரம் கொன்றால் உலகச் செய்தி.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சான்சி ஸ்டார் 1969-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இடர் ஆய்வுத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. தானாக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, பிறர் தன் தலையில் கட்டும் ஆபத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகமாக மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. பிறகு பால் ஸ்லோவிக் இன்னொன்றைக் காட்டினார்: பழக்கமில்லாத, கண்ணுக்குப் பிடிபடாத, தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஆபத்தை மக்கள் எண்ணிக்கையை வைத்து எடை போடுவதில்லை. ரோபோ டாக்ஸியில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. போதாததற்கு, ஓட்டத் தெரிந்த எவரும் தன்னை மட்டமான ஓட்டுநராக நினைப்பதில்லை. ஓலா ஸ்வென்சன் 1981-ல் கேட்டபோது அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் ஓட்டும் திறனில் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ‘சராசரி மனிதனைவிட இந்த வண்டி நன்றாக ஓட்டும்’ என்ற விளம்பரம் அவர்களில் யாரைத் தொடும்?

எண்கள் சிறிதாகவும் இல்லை. காப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீ, வேமோ வண்டிகள் ஓடிய 2.53 கோடி மைல் தூரத்தை ஆராய்ந்து, மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டால் சொத்துச் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும், உடற்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு என்றது. வேமோவும் கூட்டாளியாக இருந்து வெளிவந்த ஆய்வு அது என்பதால் விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் கோரிக்கைகளுக்குப் பணம் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் எண்களில் விளையாடுவது அபூர்வம். உயிரிழப்பைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மனித ஓட்டுநருக்குச் சமம் என்று 95 சதவீத உறுதியோடு நிரூபிக்க ஒரு சாவுகூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓடவேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-ல் கணக்கிட்டது. 2025 செப்டம்பர் வரை வேமோ வண்டிகள் ஆளில்லாமல் ஓடியது 12.7 கோடி மைல்.

மனிதச் சாவுகூட வேண்டாம். 2025 அக்டோபர் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் ‘கிட்கேட்’ என்ற கடைப் பூனை ஒன்று வேமோ வண்டியில் அடிபட்டுச் செத்தது. தெருவே தெரிந்துவைத்திருந்த பூனை. கடை வாசலில் பூவும் மெழுகுவத்தியும் குவிந்தன. ஆளில்லா வண்டி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்தந்த ஊருக்கே வேண்டும் என்று நகரசபை உறுப்பினர் ஜாக்கி ஃபீல்டர் கோரிக்கை எழுப்பினார். அதே ஊரில் மனிதர் ஓட்டும் வண்டியில் அடிபடும் பூனைகளுக்காக எந்தச் சபையும் கூடியதில்லை.

டெம்பே, 2018

முன்னே சொன்ன அரிசோனாச் சாவு நடந்தது 2018 மார்ச் 18 இரவு, டெம்பே நகரில். ஊபர் சோதித்துக்கொண்டிருந்த வால்வோ கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்ணை மோதியது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் வாகனம் என்றும், வேறு ஏதோ பொருள் என்றும், சைக்கிள் என்றும் மென்பொருள் மாற்றி மாற்றி முடிவுசெய்தது. ஒவ்வொரு முறையும் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற கணக்கு புதிதாகத் தொடங்கியது. கடக்கும் இடம் அல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற சாத்தியமே அதன் கணக்கில் இல்லை. அவசரத்துக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பணியாளரின் பார்வை சாலையில் இல்லை. போனில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. உலகில் தானே ஓடும் வண்டி மோதி இறந்த முதல் பாதசாரி அவர்.

அந்தக் காலத்தில் அரிசோனாவின் சாண்ட்லர் பகுதியில் வேமோ வேன்கள்மீது கல்லெறிவதும் டயரைக் குத்துவதும் நடந்தது. வண்டியில் ஏறிய எவரும் கல்லெறியவில்லை. எறிந்தவர்கள் தெருவில் இருந்தவர்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் தெருவைச் சோதனைச் சாலையாக்கியது யார் என்பதே கல்லின் கேள்வி. ஊபர் 2020 டிசம்பரில் தன் ஆளில்லா வண்டிப் பிரிவை விற்றுவிட்டு வெளியேறியது.

சான் பிரான்சிஸ்கோ, 2023

இந்த ஊரைப் போலத் தெருவின் நம்பிக்கை கண்முன்னே கட்டப்பட்டு, இடிந்து, மறுபடி கட்டப்பட்ட இடம் வேறில்லை. 2022 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸ் வண்டி ஒன்று இரவில் விளக்கில்லாமல் ஓட, போலீஸ் மறித்தது. அதிகாரி இறங்கிப் போய் டிரைவர் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. அவர் திரும்பிய சமயம் வண்டி மெல்ல நழுவிச் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. ஊரே சிரித்த வீடியோ அது. 2023 ஜனவரியில் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாய்மேல் ஏறவந்த குரூஸ் வண்டியை நிறுத்த அதன் கண்ணாடியை உடைக்கவேண்டி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இந்த வண்டிகள் இன்னும் தயாராகவில்லை என்று தீயணைப்புத் துறைத் தலைவி ஜெனீன் நிக்கல்சன் வெளிப்படையாகவே சொன்னார்.

கோடையில் சில ஆர்வலர்கள் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். சாலையோரத்தில் கிடக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வண்டியின் பானட்மேல் வைத்தால் போதும், வண்டி அசையாது. பல கோடி டாலர் செலவில் உருவான தொழில்நுட்பத்தை ஒரு பிளாஸ்டிக் கூம்பு முடக்கியது. இருந்தும் 2023 ஆகஸ்ட் 10 அன்று மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் 3-க்கு 1 என்ற வாக்கில், குரூஸும் வேமோவும் நகரம் முழுக்க இரவும் பகலும் கட்டணச் சவாரி ஓட்டலாம் என்று அனுமதித்தது. நகர நிர்வாகம் எதிர்த்தது. அனுமதி தருவது மாநிலத்தின் கையில். மறுநாள் இரவே பத்து குரூஸ் வண்டிகள் நார்த் பீச் பகுதியில் வரிசையாக நின்று போக்குவரத்தை அடைத்தன.

அக்டோபர் 2 இரவு, மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை மோதி, பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் வண்டியின் முன்னே தூக்கியெறிந்தது. மோதிய ஓட்டுநர் நிற்காமல் போய்விட்டார். குரூஸ் வண்டி அந்தப் பெண்மேல் மோதி நின்றது. பிறகு, ஓரமாக ஒதுங்கவேண்டும் என்ற விதிப்படி, வண்டிக்கடியில் இருந்த அவரை 20 அடி தூரம் இழுத்துக்கொண்டு போனது. அவர் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார்.

மோதலுக்கு முதல் காரணம் ஒரு மனிதர். குரூஸை வீழ்த்தியது மோதல் அல்ல, அதன் பிறகு வந்த கூட்டங்கள். மறுநாள் அதிகாரிகளுக்கு நிறுவனம் வீடியோவைக் காட்டியது. இழுத்துச் சென்ற பகுதியைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்றது கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை. முழு வீடியோவையும் காட்டினோம் என்றது குரூஸ். நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து 2024 ஜனவரியில் அறிக்கை தந்தது. கூட்டங்களில் இணைய இணைப்பு தடுமாறி வீடியோ சரியாக ஓடவில்லை. ‘வண்டி அவரை இழுத்துக்கொண்டு போனது’ என்று வாயைத் திறந்து சொல்ல அங்கே இருந்த குரூஸ் ஆட்கள் எவரும் முன்வரவில்லை. வீடியோவே பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 24-ல் உரிமம் முடக்கப்பட்டது. நவம்பரில் 950 வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன, தலைமை அதிகாரி கைல் வோக்ட் விலகினார். பொய்யான அறிக்கை தந்ததை ஒப்புக்கொண்டு நிறுவனம் அபராதம் கட்டியது. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் ரோபோ டாக்ஸித் தொழிலையே கைகழுவியது. அதே தெருக்களில், அதே பூனைக்கும் கூம்புக்கும் நடுவே, வேமோவுக்கு ஆதரவு ஏறிக்கொண்டு போனது. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக் கூட்டம் ஒரு வேமோவைக் கொளுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்துமிடத்தில் வேமோக்கள் விடியற்காலை நாலு மணிக்கு ஒன்றைப் பார்த்து ஒன்று ஹாரன் அடித்து அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுத்தன. அவற்றை ஊர் பொறுத்துக்கொண்டது. மறைத்ததைப் பொறுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் மனிதர்

ஆளில்லா வண்டி என்றாலும் ஆளே இல்லை என்று பொருளில்லை. வண்டி குழம்பினால் தொலைவில் ஒரு அறையில் இருக்கும் பணியாளரிடம் கேட்கிறது. குரூஸ் வண்டிகள் ஏறக்குறைய நாலு முதல் எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இப்படி உதவி கேட்டன என்பது 2023 நவம்பரில் வெளியானபோது, பலருக்கு அது ஏமாற்றப்பட்ட உணர்வைத் தந்தது. வேமோவின் பணியாளர்கள் வண்டியை ஓட்டுவதில்லை, அது கேட்கும் கேள்விக்குப் பதில் மட்டும் தருகிறார்கள் என்கிறது அந்நிறுவனம். 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பெரும்பகுதி இருளில் மூழ்கியது. செத்துப்போன சிக்னலை நாலு பக்கமும் நின்று போகும் சந்திப்பாகக் கருதவேண்டும் என்பது வண்டிக்குத் தெரியும். ஆனால் பல வண்டிகள் ஒரே நேரத்தில் உறுதிப்படுத்தக் கேட்டதால் பதில் தாமதமாகி, நட்ட நடுச் சந்திப்புகளில் நின்றன. அன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருண்ட சிக்னல்களைத் தங்கள் வண்டிகள் சரியாகக் கடந்தன என்று நிறுவனம் பின்னால் சொன்னது. கடந்தவற்றை யாரும் படமெடுக்கவில்லை.

சீனாவின் வூஹானில் எழுந்த கேள்வி வேறு. அது வயிற்றைப் பற்றியது. 2024 கோடையில் அங்கே அப்பல்லோ கோ வண்டிகள் பெருகியபோது, பத்து கிலோமீட்டர் சவாரிக்கு 4 முதல் 16 யுவான் என்று விலை வைத்தார்கள். ஆள் ஓட்டினால் 18 முதல் 30. பயணிகளுக்குக் கொண்டாட்டம். டாக்ஸிக்காரர்கள் தரப்பில் ஒரு நிறுவனம், அடித்தட்டு மக்களின் சோற்றைப் பறிக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்கு மனு கொடுத்தது. இந்த எதிர்ப்பைப் பாதுகாப்புப் புள்ளிவிவரம் காட்டித் தணிக்க முடியாது. வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அது வலுக்கும். ஆளில்லா கார்களை அனுமதிக்கவே மாட்டேன் என்று இந்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னதும் ஓட்டுநர்களின் வேலையைக் காரணம் காட்டித்தான்.

சிங்கப்பூர் வேறு பாதையில் போகிறது. பொதுமக்களை ஏற்றிய உலகின் முதல் ரோபோ டாக்ஸிச் சோதனை அங்கேதான், 2016 ஆகஸ்டில், நியூட்டோனமி நிறுவனம் ஒன்-நார்த் பகுதியில் தொடங்கியது. இரண்டே மாதத்தில் ஒரு லாரியில் உரசியது. அதற்குப் பிறகு அரசு அவசரப்படவில்லை. 2025 செப்டம்பரில் பொங்கோல் குடியிருப்பில் ஆளில்லா வண்டிச் சேவைக்கு இரண்டு கூட்டணிகளைத் தேர்ந்தெடுத்தது: கிராப், வீரைடு ஒருபக்கம், கம்ஃபர்ட்டெல்குரோ, போனி ஏஐ மறுபக்கம். நகரமெங்கும் ஓடாது, வகுத்த தடங்களில் மட்டும். தொடக்கத்தில் பாதுகாப்புப் பணியாளர் உள்ளே இருப்பார். ஓட்டுநர் கிடைக்காமல் திண்டாடும் ஊர் என்பதால் வேலை பறிபோகும் பேச்சு அங்கே அமெரிக்கா, சீனா அளவுக்குச் சூடாக எழவில்லை.

யாருக்கு அபராதம்?

2025 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய சான் புரூனோவில் ஒரு வேமோ, போலீஸ்காரர்கள் கண்முன்னே தடைசெய்யப்பட்ட இடத்தில் யூ-டர்ன் அடித்தது. மறித்தார்கள். அபராதச் சீட்டில் ஓட்டுநர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் எழுதப் பெயரில்லை. ஆஸ்டினில் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருக்கையில் வேமோக்கள் நிற்காமல் தாண்டிப் போனதைப் பள்ளி நிர்வாகம் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தது. 2025 டிசம்பரில் நிறுவனம் மென்பொருளைத் திருத்த முறைப்படி ‘ரீகால்’ அறிவித்தது. பெற்றோர் தம் பதின்ம வயதுப் பிள்ளையை ஏற்றிவிடும் அதே வண்டி, பேருந்திலிருந்து இறங்கும் இன்னொரு பிள்ளையின் பெற்றோருக்கு எப்படித் தெரியும் என்பதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

சட்டங்கள் இப்போதுதான் எட்டிப் பிடிக்கின்றன. கலிபோர்னியாவில் 2026 ஜூலை முதல், விதிமீறலுக்கான அறிவிக்கையை ஓட்டுநருக்குப் பதில் நிறுவனத்துக்கே போலீஸ் அனுப்பலாம். தீயணைப்புப் பணி நடக்கும் இடத்தை விட்டு வண்டிகள் விலகவேண்டும் என்று மின்னணு முறையில் ஆணையிட்டால், இரண்டு நிமிடத்துக்குள் நிறுவனம் அதைத் தன் வண்டிகளுக்குக் கடத்தியாகவேண்டும். பிரிட்டன் 2024 மே மாதத்தில் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டம், எவ்வளவு பாதுகாப்பு இருந்தால் போதும் என்ற கேள்விக்கே விடை எழுதியிருக்கிறது: கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குக் குறையாத அளவு. வண்டி தானே ஓடும்போது நடப்பதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் பொறுப்பில்லை, அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. பாதுகாப்புத் தகவலை நிறுவனம் திரித்துச் சொன்னாலோ, சொல்லாமல் விட்டாலோ, அது அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்குத் துணைபோன உயர் அதிகாரிகளும் தப்பமுடியாது.